கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிய வாரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் நிலா வந்தாள். மாதத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், கதிரையில் ஏறி, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றினாள்.

"அதை அப்படியே மாட்டு," என்றேன்.

"நேரம் மாறிட்டுது அம்மா. பின்னால வைக்கணும்."

"தெரியும். மாட்டிட்டு இறங்கு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கிச் சேர்த்து, "ஒரு மணி நேரம்தானே அம்மா" என்றாள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். மார்ச்சில் மறுபடி முன்னுக்கு. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். இலங்கையில், எங்கள் பதுளையில், சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்துக்குத்தான் வேலைக்கு வரும், அதனால் இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்குத் தேவைப்படவில்லை.

நான் இங்கே வந்து முப்பத்திரண்டு வருஷம். அறுபது தடவைக்கு மேல் கடிகாரம் திருப்பியிருக்கிறேன். அதனால் யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. போன வருஷம் நடந்தது. என் தம்பி தியாகு இறந்துபோனான். அதற்கும் இந்தக் கடிகாரத்துக்கும் உள்ள தொடர்பு எனக்குத்தான் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். மூச்சுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து இழுப்பு என்று ஒரே பெயர். இங்கே அதற்கு நாலு எழுத்தில் ஒரு பெயர் வைத்து, வருஷத்துக்கு நாலு கடிதமும் அனுப்புகிறார்கள்.

முதல் நாள் டாக்டர் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று. ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்கே வேலை செய்தீர்கள் என்றார். தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில், ஏழு வருஷம் என்றேன். பக்கத்தில் இருந்து தட்டெழுதிய பிள்ளை அதைத் தேநீர்க் கடை என்று பதிந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை மாற்ற நான் மூன்று கடிதம் எழுதினேன். இன்றைக்கும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் நான் தேநீர்க் கடைக்காரிதான்.

பிறகு அவர், சின்ன வயதில் வீட்டில் எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டார். லயத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொன்றும் ஒரு காம்பராவும், அதாவது ஒரு அறையும், அதை ஒட்டிய அடுப்படியும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை, நாங்கள் மிலாறு என்போம், அதுதான் விறகு. மழைக்காலத்தில் அது ஈரமாகவே எரியும். கதவைத் திறந்தால் சாரல், சாத்தினால் புகை. நாங்கள் சாத்திக்கொள்வோம்.

"அப்படியென்றால் நீங்கள் குழந்தையிலிருந்தே புகைத்திருக்கிறீர்கள்," என்றார் டாக்டர். அதையும் எழுதிக்கொண்டார்.

இதை நான் என் வாயாலேயே சொன்னேன். நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மருந்தோடு சேர்த்து ஒரு வகுப்புக்கும் அனுப்பினார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூச்சு வாங்குகிற ஆளை நம் ஊரில் உட்கார வைப்போம், சுடுதண்ணீர் கொடுப்போம். இங்கே எழும்பி நடக்கச் சொல்கிறார்கள். படிகூட ஏற முடியாத பன்னிரண்டு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏறு, இறங்கு, எழும்பு, உட்கார் என்றால் என்ன நியாயம் என்று நினைத்தேன். என் பக்கத்துக் கதிரையில் சுரங்கத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர். அவர் நெஞ்சில் நிலக்கரி, என் நெஞ்சில் தேயிலைத் தூள். இரண்டுமே இந்த நாட்டைச் சூடாக வைத்திருந்த சாமான்கள்.

ஆனால் ஐந்தாவது வாரம் நான் கடைக்குப் போய் வழியில் நிற்காமல் திரும்பினேன். பொய் சொல்லக் கூடாது. வகுப்பு வேலை செய்தது.

வகுப்பை நடத்துகிற ஹெலன் ஒரு நாள் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசினாள். எங்களைப் போன்றவர்களின் நெஞ்சுக்குள் ஒரு அழற்சி அணையாமல் இருந்துகொண்டே இருக்குமாம். கிருமியோடு சண்டை போட வேண்டிய இரத்த அணுக்கள் எந்நேரமும் பரபரப்பாகவே இருக்குமாம். நான் அதைத் தோட்டத்துக் காவல்காரனாக விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நாய் குரைப்புக்கும் எழும்பி ஓடுகிறவன், உண்மையான கள்ளன் வரும்போது களைத்துப் போயிருப்பான். அளவாக, விடாமல் செய்கிற உடற்பயிற்சி அவனைக் கொஞ்சம் அமைதியாக வைக்கும், தேவையான நேரத்தில் எழும்ப வைக்கும் என்று நம்பப்படுகிறது என்றாள். அளவுக்கு மிஞ்சினால், உடம்பு களைத்தால், சில நேரம் எதிர்மாறாகவும் ஆகலாம் என்றாள்.

"நன்றாக நடப்பீர்கள், மூச்சு வாங்குவது குறையும். இது எங்களுக்கு உறுதியாகத் தெரியும்," என்றாள் ஹெலன். "சளிக்காய்ச்சல் அடிக்கடி வராது என்பதை இப்போதைக்கு நம்புகிறோம், அவ்வளவுதான். ஆராய்ச்சி செய்தவர்களே ஒரே மாதிரிச் சொல்லவில்லை."

நேர்மையான பிள்ளை. நான் தம்பிக்குச் சொன்னபோது அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன்.

3

தியாகு எனக்கு மூன்று வயது இளையவன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்தில் இருந்தான். நான் தூள் சலித்த மாதிரியான அறையில்தான் அவனும் வேலை செய்தான். நான் ஏழு வருஷத்தில் கலியாணம் கட்டிக்கொண்டு தப்பினேன். அவன் முப்பது வருஷம் நின்றான்.

இருமல் முற்றி, பதுளை பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கடிதம் கொடுத்த பிறகுதான் அவனை அங்கிருந்து எடுத்து லேசு வேலையில் போட்டார்கள். தேயிலை நாற்றுமேடைக்குக் காவல். காலையில் போனால் இரண்டு மணியோடு முடிந்துவிடும். அதோடு அவன் பயமும் தொடங்கியது. லேசு வேலைக்காரனைத் தோட்டமே கவனிக்கும். தெம்பாக நடந்தால், ஒரு விறகுக் கட்டைத் தூக்கினால்கூட, "ஆளு நல்லாத்தானே இருக்கான்" என்று கங்காணி காதுக்குப் போய்விடும். அடுத்த நாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரிக்கும்போது, அவன் பெயரைத் தூள் அறைக்கு வாசித்துவிடுவார்கள். அதனால் என் தம்பி வெளியே இறங்கினால் இருக்கிற நோய் வருத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைந்து நடப்பான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பான். அதைப் போனில் அவனே சொல்லிச் சிரிப்பான், சிரித்தால் இருமுவான்.

அவனை மூன்று மாதம் இங்கே கூப்பிட்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விசாவுக்கு விண்ணப்பித்தோம். வீட்டு உறுதிப் பத்திரம் கேட்டார்கள். லயத்து வீட்டுக்கு ஏது உறுதி? நாலு தலைமுறையாக இருக்கிறோம், ஒரு கதவு நிலைகூட எங்கள் பெயரில் இல்லை. வீட்டு இலக்கம் கேட்டார்கள். எங்களுக்கு வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. எல்லாவற்றையும் விளக்கி நான் இரண்டு பக்கம் எழுதினேன். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்புவதற்குக் காரணம் போதாது என்று பதில் வந்தது.

"பாத்தீங்களாக்கா, இங்க எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க," என்றான் தியாகு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை இங்கே கொண்டுவர முடியாது என்றால் வகுப்பையாவது அங்கே அனுப்பிவிடுவோம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

4

கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்ப வேண்டும். ஒரு படியில் ஏறி இறங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டைத் தூக்க வேண்டும். நின்ற இடத்தில் நடக்க வேண்டும். நடுநடுவே உதட்டைக் குவித்து, நீளமாக மூச்சு விட வேண்டும். ஒரு வாரம் முழுக்க இதைப் போனில் சொல்லிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் செஞ்சா சளி புடிக்காதாக்கா?"

"பிடிக்காது. உள்ளே இருக்கிற காவக்காரன் முழிச்சுக்குவான்."

"அப்ப செய்யிறேன்."

வெளியே செய்ய முடியாது. பார்த்தால் கங்காணிக்குப் போய்விடும். "கதவைச் சாத்திட்டு உள்ளேயே செய்டா," என்றேன். இதுவும் நான் சொன்னதுதான்.

அதோடு நிற்கவில்லை. தனியாகச் செய்தால் விட்டுவிடுவான் என்று, என் வகுப்பு நேரத்திலேயே அவனையும் செய்யச் சொன்னேன். அது ஜூலை மாதம். இங்கே பதினொரு மணி என்றால் அங்கே பின்னேரம் மூன்றரை. செவ்வாயும் வெள்ளியும் நான் இங்கே கதிரையில் இருந்து எழும்பும்போது அவன் அங்கே எழும்புவான். நான் தமிழில்தான் எண்ணுவேன். மூச்சு முட்டும்போது ஆங்கிலம் வருவதில்லை. சுரங்கத்துக் கிழவர்கூட நாலாம் வாரத்தில் ஒண்ணு, ரெண்டு என்று என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். என் மனதுக்குள் அந்த மண்டபத்தில் பதின்மூன்று பேர்.

லயத்துக்குள் போன் எடுபடாது. பயிற்சி முடிந்த பிறகு தியாகு மேல்ரோட்டில் உள்ள வளைவுக்கு ஏறிப்போய்த்தான் எனக்குப் பேசுவான். நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பான். எத்தனை தடவை எழும்பினான் என்று சொல்வான். ஜூலையில் ஆறு. செப்டம்பரில் பதினாலு.

செப்டம்பரில் ஒரு நாள் அவன் வளைவு வரைக்கும் ஒரே மூச்சில் ஏறிவிட்டான். நான் போனை எடுத்ததும் கொஞ்ச நேரம் சிரித்தான். இருமல் வரவில்லை. நான் இந்த நாட்டில் முப்பத்திரண்டு வருஷத்தில் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணினால் அது முதல் ஐந்துக்குள் வரும்.

நிலாவிடம் சொன்னேன். "மாமாவுக்கு வீடியோ அனுப்புங்க அம்மா, நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தாள். அவள் தியாகுவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஒன்பது வயதில். லயத்துக்குள் நுழைந்து பத்து நிமிஷத்தில் கண் எரிகிறது என்று அழுதுகொண்டு வெளியே ஓடியவள். அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் பல வருஷம் சிரித்திருக்கிறோம்.

5

ஒக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தைத் திருப்பினோம். வகுப்பு அதே பதினொரு மணிதான். ஆனால் அங்கே அது மூன்றரை இல்லை, நாலரை.

தியாகுவிடம் சொன்னேன். "இனிமே நாலரைக்குச் செய். அப்பத்தான் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாச் செய்யலாம்."

"ஏங்கக்கா, அங்க நேரம் மாறுனா இங்க சூரியனும் மாறணுமா?"

"சொன்னதைச் செய்."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம்கூட இல்லை.

நவம்பரில் அங்கே மழை பிடித்தது. இங்கே கிழவர்களுக்கெல்லாம் காய்ச்சல் தடுப்பூசி போடக் கூப்பிட்டார்கள், எனக்கும் கடிதம் வந்தது, போய்ப் போட்டுக்கொண்டேன். அதையும் பெருமையாக அவனிடம் சொன்னேன். "எங்களுக்குக் கடுதாசி போட யாருக்கா இருக்கா?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

எழும்புகிற எண்ணிக்கை பதினாலில் இருந்து பதினொன்றாகி, ஒன்பதாகியது. பேசும்போது மூச்சு வாங்கியது. மேல்ரோட்டுக்கு ஏறி வந்ததால் என்று நினைத்தேன். பயிற்சி வேலை செய்கிறது, அதனால்தான் வாங்குகிறது என்றுகூட ஒரு நாள் சொன்னேன்.

"நெஞ்சு கனமா இருக்குக்கா இன்னைக்கு."

"அப்ப மெதுவாச் செய். விட்டுடாத."

காய்ச்சலும் சளியும் இருந்தால் பயிற்சியை நிறுத்து, டாக்டரைப் பார் என்று ஹெலன் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். சளியின் நிறம் மாறினால் உடனே என்றும் சொல்லியிருந்தாள். நான் தம்பியிடம் நிறத்தைக் கேட்கவில்லை. எண்ணிக்கையைத்தான் கேட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. அடுத்த நாள் அவன் மனைவி செல்வராணி பேசினாள். அவனை முச்சக்கர வண்டியில் பதுளைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. ஒன்பது நாள் இருந்தான். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள் என்று செல்வராணி சொன்னாள். பத்தாவது நாள் காலையில் போய்விட்டான்.

6

அடக்கத்துக்குப் போக முடியவில்லை. என் நோய்க்கு விமானத்தில் ஏற டாக்டர் ஒப்பமிட்ட படிவம் வேண்டும். டாக்டர் லீவு. அவருக்குப் பதிலாக இருந்தவர், எனக்கு இந்த நோயாளியைத் தெரியாது என்றார். படிவம் கைக்கு வந்தபோது தம்பி மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு முதல் நாள்தான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மழை. உறவுக்காரர்கள் கும்பிட்டு, கொஞ்சம் அழுது, அடுத்த நாள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். செல்வராணி என்னை ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தாள். இதில்தான் செய்வாரு என்றாள். கதிரை அடுப்படி வாசலுக்கும் முன்கதவுக்கும் நடுவில் இருந்தது. வேறு இடம் அந்தக் காம்பராவில் இல்லை. தரையில், கால் வைக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருந்தான். கால் இடுப்பளவு அகலம் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்காக.

"தேத்தண்ணி போடுறேன் அண்ணி," என்று அவள் அடுப்பை மூட்டினாள். மூலையில் ஒரு காஸ் அடுப்பு துணியால் மூடியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்தது. சிலிண்டரைக் கீழே கடையில் இருந்து மேலே தூக்கி வர ஆள் இல்லை, அவசரத்துக்கு மட்டும் என்றாள். புகைக்கூண்டைப் பார்த்தேன். மழை இறங்குகிறது என்று தியாகுவே தகரம் வைத்து அடித்திருந்தான். அந்த வேலையைப் பற்றியும் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

மிலாறு ஈரம். முதலில் கண் எரிந்தது. பிறகு இருமல் பிடித்தது. மூச்சு மருந்துப் பம்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். சாரல் அடிக்குது என்று அவள் முன்கதவைச் சாத்தினாள். நேரத்துக்குக் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அது இன்னும் இங்கிலாந்து நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணி தாண்டி ஐந்து நிமிஷம்.

"ராணி, இந்நேரத்துக்குத்தான் எப்பவும் அடுப்பு மூட்டுவியா?"

"ஆமாங்க அண்ணி. மழ நாள்ல நாலு மணிக்கே கொழுந்த நிறுவை போட்டுட்டு விட்டுடுவாங்க. வந்த கையோட அடுப்புதான். குளிருக்கு அவருக்கும் சூடா இருக்கும்ல."

"அவன் இதுல உக்காந்து செய்யும்போது?"

"செஞ்சிக்கிட்டே பேசுவாரு. நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடுவாரு, நீங்க சொன்ன மாதிரியே."

"முன்னாடி, மூணரைக்குச் செஞ்சப்போ?"

"அப்ப நான் மலையில கொழுந்து பறிச்சிக்கிட்டு இருப்பேன். வீட்டுல யாரு இருக்கா? அவரு மட்டுந்தான்."

மூன்றரைக்கு அடுப்பு ஆறிக் கிடந்திருக்கிறது. ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரைக்கும் அவன் நல்ல காற்றை இழுத்தான், ஆறு பதினாலானது. நான் கடிகாரத்தைத் திருப்பினேன். அதன் பிறகு ஏழு வாரம், அடைத்த கூண்டுக்குக் கீழே, சாத்திய கதவுக்குப் பின்னால், உதட்டைக் குவித்து, நெஞ்சு நிறைய அந்தப் புகையை இழுத்திருக்கிறான். சும்மா படுத்திருந்தால் இவ்வளவு உள்ளே போயிருக்காது.

"புகையா இருக்குமே ராணி," என்றேன்.

"அடுப்பு எரிஞ்சா புகை வரத்தானே அண்ணி செய்யும்," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்ன நேரத்த ஒருநாளும் அவரு தவறவிட்டதில்ல. காச்சலோடயும் செஞ்சாரு. அக்கா அங்க எந்திரிச்சிருப்பாங்கன்னு சொல்லுவாரு."

புகை என்ற ஒன்றை அவன் என்னிடம் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை. அங்கே அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. நான் அதற்குள்ளேயே பிறந்து இருபத்தைந்து வயது வரைக்கும் இருந்தவள். என் மகள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தது எனக்கு மறந்துபோனது. இங்கே டாக்டர் முன்னால் கதை கதையாகச் சொன்னவளுக்கு, அவனிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

7

திரும்பி வந்து ஹெலனிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, முப்பது வருஷத் தூள் அந்த நெஞ்சில் இருந்தது, சளிக்காய்ச்சல் எப்படியும் வந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் பதினாலு ஒன்பதானது எந்த வாரம் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

நான் இன்னும் வகுப்புக்குப் போகிறேன். கதிரையில் இருந்து எழும்புகிறேன். இப்போது வாயைத் திறந்து எண்ணுவதில்லை. என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் ஒரு தடவைகூடச் சளி பிடிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிலாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. சொல்லிப் பார்த்தேன், என் ஆங்கிலத்தில் அது ஒரு விபத்துக் கதையாக வந்தது. "உங்க தப்பு இல்லை அம்மா" என்று உடனே சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் செல்வராணி பேசினாள். மேல்ரோட்டு வளைவில் நின்றுதான் அவளும் பேச வேண்டும். ஏறி வந்த மூச்சு அடங்க நெடுநேரம் எடுத்தது. அவள் இருமினாள். அந்த இருமலை எனக்குத் தெரியும். என்னிடமும் இருக்கிறது, அவனிடமும் இருந்தது.

"எனக்கும் இப்ப ஏத்தம் ஏற மூச்சு வாங்குது அண்ணி. அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அத நானும் செய்யலாம்னு பாக்குறேன். அவரு போட்ட கோடு இன்னும் இருக்கு. எத்தன மணிக்குச் செய்யணும்?"

பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பார்க்கத்தான் செய்கிறேன். அவளுடைய நாளில் புகை இல்லாத அரை மணி நேரத்தைத் தேடுகிறேன். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு. ஏழு மணியில் இருந்து மலை. பின்னேரம் வந்த கையோடு மறுபடி அடுப்பு. மூன்றரை மணி அவளுக்குச் சொந்தமில்லை. கருமாதி முடிந்ததில் இருந்தே காஸில் சமை என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். சரிங்க அண்ணி என்கிறாள், மிலாறைத்தான் எரிக்கிறாள். கூண்டுத் தகரத்தைக் கழற்றச் சொன்னேன். அவரு கையால அடிச்சது அண்ணி என்றாள். ஏன் என்ற காரணத்தைச் சொன்னால்தான் அவள் கேட்பாள். அந்தப் புகை ஆளைக் கொல்லும் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால், அந்த ஏழு வாரமும் அடுப்பை மூட்டியது யார், கதவைச் சாத்தியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவருக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்து மூட்டியவள் அவள். நேரத்தை மாற்றியவள் நான் என்று எத்தனை சொன்னாலும் அவள் அடுப்பைத்தான் பார்ப்பாள்.

சொன்னால் அவள் மனம் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் நெஞ்சு போய்விடும்.

செல்வராணி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இவ்வளவு நீளமாக வாசிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் இதை எழுதினேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருந்து யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இல்லை, சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியவில்லை.

குசினிக் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடுகிறது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அவளுக்கு நான் இன்னும் நேரம் சொல்லவில்லை.